60 கணினிகள், 6 வருடங்கள்: ஒரு ரிமோட் மென்பொருளின் அப்டேட்களோடு பட்ட பாடு

தூரத்தில் இருக்கும் கணினிகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனித்துக்கொள்ள உதவும் ரிமோட் நிர்வாக மென்பொருள் ஒன்றையே ஆறு வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. திட்டவும் போகிறேன், பாராட்டவும் போகிறேன். தவிர, இங்கே வரும் சிக்கல்களில் பாதி இந்த வகை மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொது. எங்கள் அமைப்பு எளிதானது: எங்கள் பொறுப்பிலேயே ஒரு சர்வர், மூன்று கட்டடங்களில் 60 கணினிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஏஜென்ட் (சர்வரின் சொல்படி அந்தக் கணினியில் வேலை செய்யும் சின்ன நிரல்). ஏஜென்ட்தான் சர்வரைத் தேடிவந்து இணைந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் ஓட்டை போட வேண்டியதில்லை. திரையைப் பார்க்கலாம், கோப்பு அனுப்பலாம், கமாண்ட் ஓட்டலாம், ராத்திரியில் ரீஸ்டார்ட் கொடுக்கலாம்.

தேர்ந்தெடுக்கும்போது வேகம், படத்தின் தெளிவு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் இணையலாம் என்றெல்லாம் அட்டவணை போட்டு ஒப்பிட்டேன். அப்டேட் எப்படி வரும் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் விசாரிக்கச் சொல்வது அதைத்தான். மற்ற மென்பொருள் அப்டேட்டில் கெட்டுப்போனால் ரிமோட்டில் நுழைந்து சரிசெய்யலாம். ரிமோட் மென்பொருளே கெட்டுப்போனால் எதன் வழியாக நுழைவது? நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுகிற வேலை அது.

இரண்டாவது வருடம் அது நடந்தேவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை. தானியங்கி அப்டேட்டை நான் அணைத்து வைத்திருக்கவில்லை. சர்வர் பக்கத்தில் பச்சையாக இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்துக்கு மாறின. அப்டேட் நேரத்தில் அப்படித்தான் ஆகும், திரும்பிவிடும் என்று காபி குடிக்கப் போனேன். 49 திரும்பி வந்தன. 11 வரவில்லை. ஒரு இடத்துக்குப் போன் செய்தேன்.

“உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது பிரச்சனை தெரியுதாம்மா?”

“ஒண்ணும் இல்லையே சார், வேலை பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.”

அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. கண் போனது எனக்கு மட்டும்தான். சர்வீசஸ் பட்டியலைத் திறந்து ஏஜென்ட்டை மறுபடி ஓடவிடச் சொன்னேன். “அட்மின் பாஸ்வேர்ட் கேக்குது சார்” என்றார். அதைப் போனில் சொல்ல முடியாது. சனிக்கிழமை முழுக்க நேரில் அலைந்தேன்.

அங்கே போய் நிரல் தான் செய்ததை எழுதிவைக்கும் லாக்கைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. அப்டேட் நிரல் பழைய ஏஜென்ட்டை நிறுத்தி, அழித்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைக்கும். இந்த முறை தயாரிப்பாளர்கள், நிரல் தங்களுடையதுதான் என்று கையெழுத்திடப் பயன்படுத்தும் டிஜிட்டல் சான்றிதழையும் மாற்றியிருந்தார்கள். அந்த 11 கணினிகளிலும் ஆன்டிவைரஸ் கொஞ்சம் கறாரான அமைப்பில் இருந்தது. முன்பின் தெரியாத கையெழுத்தோடு ஒரு கோப்பு வந்து திரையைப் பிடிக்கப் பார்க்கிறது என்றதும் அதைத் தூக்கித் தனியே பூட்டிவிட்டது. ஆன்டிவைரஸைக் குறை சொல்ல மாட்டேன், அதன் வேலை அதுதான். ஆனால் பழையது போயாகிவிட்டது, புதியது சிறையில். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை.

புகார் அனுப்பினேன். “ஆன்டிவைரஸில் விலக்கு கொடுங்கள்” என்று மட்டும் பதில் வந்தது. எரிச்சலாக இருந்தது. ஆனால் நாலைந்து மாதம் கழித்து வந்த பதிப்பில் அப்டேட் நடக்கும் விதத்தையே மாற்றியிருந்தார்கள். பழைய ஏஜென்ட்டை அழிப்பதில்லை, பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. புதியதைக் கிளப்பிவிட்டு ஒரு சின்னக் காவல் நிரல் காத்திருக்கும். பத்து நிமிடத்துக்குள் புதிய ஏஜென்ட் சர்வரோடு பேசவில்லை என்றால் பழையதைத் திரும்ப ஓடவைத்துவிடும். இந்த ஆறு வருடத்தில் வந்ததிலேயே சிறந்த அப்டேட் எது என்றால் இதைத்தான் சொல்வேன். திரையில் ஒரு பட்டன்கூட மாறவில்லை. ரிலீஸ் நோட்ஸில் ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு இரண்டு முறை அந்த ஏற்பாடு என்னைக் காப்பாற்றியிருக்கிறது. இரண்டு முறையும் காலையில் லாக்கைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

சரி, தமிழுக்கு வருகிறேன். வேறு மொழிக்காரர்கள் எழுதும் அனுபவப் பகிர்வில் இது இருக்காது. முதல் வருடம் என் கணினியில் ‘நன்றி’ என்று காப்பி செய்து அந்தப் பக்கம் பேஸ்ட் செய்தால் ஐந்து கேள்விக்குறிகள் விழும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஏன் ஐந்து என்றால், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி. இந்த மென்பொருளின் அடியில் ஓடுவது, ஒரு கணினியின் திரையை இன்னொன்றில் காட்டும் விஎன்சி வழிமுறை. 1990களில் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவானது அது. அதன் விதிமுறை 2011-இல் ஆர்எஃப்சி 6143 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானபோதும், க்ளிப்போர்டில் (காப்பி செய்ததை வைத்திருக்கும் இடம்) போகும் எழுத்து மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 குறியேற்றத்தில்தான் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அந்தப் பட்டியலில் தமிழுக்கு இடம் கிடையாது. பின்னால் வந்த நீட்டிப்பு ஒன்று, யூனிகோட் எழுத்துகளை அனுப்பும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தை அனுமதித்தது. எங்கள் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ள மூன்றாவது வருடம் வரை ஆனது. அதுவரை ஒரு வரித் தமிழுக்கும் டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தட்டச்சு இன்னொரு கூத்து. ரிமோட் மென்பொருள்கள் விசையை இரண்டு விதமாக அனுப்பும்: எந்த விசையை அழுத்தினோம் என்பதை அனுப்புவது, அல்லது அதனால் விழுந்த எழுத்தை அனுப்புவது. முதல் முறையில் அந்தப் பக்கம் இருக்கும் விசைப்பலகை அமைப்பு முடிவு செய்யும். அங்கே தமிழ்99 இருந்தால் தமிழ் விழும். ஒரு அப்டேட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது முறைக்கு மாற்றினார்கள். ஆனால் ஏஜென்ட்டுக்குத் தமிழ் எழுத்தை வாங்கிப் போடத் தெரியவில்லை, விழுங்கிவிட்டது. தட்டுகிறேன், தட்டுகிறேன், ஒன்றும் வரவில்லை. இரண்டு பதிப்புகள் தாண்டித்தான் ஒழுங்கானது. முதல் முறையிலும் ஆபத்து உண்டு. அந்தப் பக்கம் விசைப்பலகை பிரிட்டிஷ் அமைப்பில் இருந்தால் ஷிஃப்டும் 2-உம் சேர்ந்து அட் குறிக்குப் பதிலாக இரட்டை மேற்கோள்குறியைப் போடும். பாஸ்வேர்டில் புள்ளிகள்தானே தெரியும்? மூன்று முறை தவறாகக் கொடுத்துக் கணக்கே பூட்டிக்கொண்டது.

இணைத்தும் எதுவும் தெரியாத கருப்புத் திரைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. விண்டோஸ் ‘இந்த நிரலை அனுமதிக்கலாமா’ என்று கேட்கும் பெட்டி தனிப் பாதுகாப்புத் திரையில் வருகிறது. சாதாரண பயனர் உரிமையில் ஓடும் ஏஜென்ட்டால் அதைப் பார்க்க முடியாது. ஏஜென்ட் சிஸ்டம் சர்வீஸாக ஓட ஆரம்பித்த பிறகு அது தீர்ந்தது. மானிட்டரே இல்லாத கணினியில் வரும் கருப்பு, மென்பொருளின் குற்றமே இல்லை. எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு போலி பிளக் போதும். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து திரையைப் பதிவுசெய்ய அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒருமுறை அனுமதி கொடுக்க வேண்டும், ரிமோட்டில் கொடுக்க வழியில்லை. இந்த மென்பொருள் தன் சான்றிதழை மாற்றிய அப்டேட்டில் எங்கள் நான்கு மேக்கிலும் அந்த அனுமதி போய்விட்டது. லினக்ஸில் திரையில் படம் காட்டும் புதிய முறையான வேலண்ட் வந்ததும் (உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 21.04 பதிப்பு முதல்) அதே கதை: பாதுகாப்புக்கு நல்லது, எனக்குத் தலைவலி.

இனி என் பெரிய மனத்தாங்கல். மேலே சொன்ன அனுபவத்துக்குப் பிறகு நான் அப்டேட்டை அவசரப்பட்டுப் போடுவதில்லை. ஆனால் ரிமோட் மென்பொருளில் பாதுகாப்புப் பேட்ச், அதாவது வெளியாள் நுழைய இடம் கொடுக்கும் ஓட்டையை அடைக்கும் திருத்தம், காத்திருக்காது. 2019 மே மாதம் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, 2014-லேயே ஆதரவை நிறுத்திய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது. லாகின் செய்யாமலேயே உள்ளே நுழைய முடிகிற ஓட்டை என்பதால் அவ்வளவு அவசரம். 2024 பிப்ரவரியில் ஸ்கிரீன்கனெக்ட் என்ற இன்னொரு ரிமோட் மென்பொருளில் வெளிவந்த ஓட்டை இன்னும் எளிது: ஏற்கெனவே அமைத்து முடித்த சர்வரிலும் முதல்முறை அமைக்கும் பக்கத்தை வெளியிலிருந்து திறந்து, புதிய அட்மின் கணக்கை உருவாக்கிக்கொள்ளலாம். தீவிரத்துக்கு 10-க்கு 10. சர்வர் போனால் அதன் கீழ் உள்ள கணினி எல்லாம் போகும்.

இதில் கொடுமையானது 2021 ஜூலை 2-இல் நடந்தது. கசேயா விஎஸ்ஏ என்ற நிர்வாக மென்பொருளின் சர்வர்களில் புகுந்த கும்பல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரை ‘ஏஜென்ட் ஹாட்ஃபிக்ஸ்’ (ஏஜென்ட்டுக்கான அவசரத் திருத்தம்) என்ற பெயரிலேயே கீழே உள்ள கணினிகளுக்கு அனுப்பியது. ஸ்வீடனில் கூப் அங்காடிகள் பில் போடும் இயந்திரங்கள் நின்றுபோய்க் கடையைச் சாத்தின. எந்த வழியாக மருந்து வர வேண்டுமோ அதே வழியாக விஷம் வந்தது. அன்று நான் முதல் வேலையாக எங்கள் சர்வரின் அட்மின் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்து, அனுமதி உள்ளவர்கள் மட்டும் நுழையும் தனி வலையமைப்பான விபிஎன்னுக்குள் போட்டேன். ஏஜென்ட்கள் வந்து சேரும் போர்ட் மட்டும் வெளியே தெரிகிறது. இரண்டு வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது.

ஆக, ஒரு பக்கம் பொறு என்கிறது அனுபவம், இன்னொரு பக்கம் ஓடு என்கிறது ஓட்டை. தயாரிப்பாளர்கள் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக்கொடுத்தால் என்ன செய்வது? எங்கள் மென்பொருளில் நான்காவது வருடம் அதுதான் நடந்தது. பாதுகாப்புப் பேட்ச் வேண்டுமானால் புதிய இடைமுகத்தையும் சேர்த்து விழுங்க வேண்டும். அந்த இடைமுகத்தில் ‘இணைப்பைத் துண்டி’ பட்டனுக்கு ஒட்டியே ‘ரீஸ்டார்ட்’ பட்டன், கேள்வி கேட்காமல் வேலையை முடித்துவிடும். கணக்குப் பிரிவில் ஒருவர் பாதி அடித்துவைத்த பட்டியலோடு அவர் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ‘உறுதியா?’ என்று கேட்கும் பெட்டி மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. ரிலீஸ் நோட்ஸில் அதற்கு “சிறு திருத்தங்கள், செயல்திறன் மேம்பாடுகள்” என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொற்றொடரைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். எதைத் திருத்தினீர்கள் என்று சொன்னால்தானே எதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்?

பலர் கேட்டிருக்க வேண்டும், ஐந்தாவது வருடம் தனியாக ஒரு நிலையான பதிப்புத் தொடரைத் தொடங்கினார்கள். அதில் பாதுகாப்புப் பேட்ச்கள் மட்டும் வரும், புது வசதி எதுவும் வராது. கூடவே, சர்வர் முன்னால் போய்விட்டாலும் இரண்டு பதிப்பு பழைய ஏஜென்ட்களோடு பேசும் என்று உறுதியும் கொடுத்தார்கள். இது சாதாரண விஷயமல்ல. 2018 மே மாதம் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் கிரெட்எஸ்எஸ்பி (லாகின் விவரங்களைச் சரிபார்க்க உதவும் பகுதி) அப்டேட் வந்தபோது, பேட்ச் போட்ட கணினியிலிருந்து பேட்ச் போடாத சர்வருக்குள் நுழைய முடியாமல் எத்தனையோ பேர் வெளியே நின்றார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, சரியான முடிவுதான். ஆனால் பேட்ச் போட உள்ளே போக வேண்டும், உள்ளே போகப் பேட்ச் வேண்டும்.

இப்போது என் வழக்கம் இது. ஓட்டை பற்றிய அறிவிப்பு வந்தால் சர்வருக்கு அன்றே பேட்ச். ஏஜென்ட்களுக்கு முதலில் என் இரண்டு கணினிகள், மூன்று நாள் கழித்து கட்டடத்துக்கு ஒன்றாக மூன்று, பிறகுதான் எல்லாம். வெள்ளிக்கிழமை கிடையவே கிடையாது. இந்த மென்பொருளுக்குச் சம்பந்தமில்லாத இரண்டாவது வழி ஒன்று ஒவ்வொரு கட்டடத்திலும் உண்டு: விபிஎன் வழியாக எஸ்எஸ்எச் (தூரக் கணினியில் பாதுகாப்பாக நுழைந்து கமாண்ட் ஓட்டும் வழி), அங்கிருந்து மற்றவை. இரண்டையும் ஒரே வாரத்தில் அப்டேட் செய்வதில்லை.

இன்னும் தீராதவை? பெரிய கோப்பு பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். இரண்டு மானிட்டரில் ஒன்று 100%, இன்னொன்று 150% என்றிருந்தால் க்ளிக் சில நேரம் நான்கு விரற்கடை தள்ளி விழுகிறது. மாறலாமா என்று வருடத்துக்கு ஒருமுறை வேறு இரண்டைச் சோதித்துப் பார்ப்பேன். படம் அவற்றில் நன்றாகத்தான் இருக்கிறது. அப்டேட் தோற்றால் பழைய ஏஜென்ட் தானாகத் திரும்புமா என்று கேட்டால் ஒருவரும் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. அதனால் இங்கேயே இருக்கிறேன்.

முந்தாநாள் புதிய பதிப்பு வந்தது. என் இரண்டு கணினிகளில் ஓடுகிறது. ஜன்னல் மாற்றிவிட்டுத் திரும்பினால் ஆல்ட் விசை அழுத்தியபடியே மாட்டிக்கொள்ளும் பழைய பக், ஒரு வருடம் முன்பு திருத்தியது, திரும்பி வந்திருக்கிறது. புகார் அனுப்பிவிட்டேன். மற்ற 58-உம் பழைய பதிப்பிலேயே இருக்கட்டும்.