பட்டர்: கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுற படம்

ஜிம் ஃபீல்ட் ஸ்மித் டைரக்ட் பண்ண பட்டர் படம் 2012-ல தியேட்டருக்கு வந்து சத்தமில்லாம போயிடுச்சு. அமெரிக்காவுல அயோவா மாநிலம், அங்க வெண்ணெயில சிலை செதுக்குற போட்டி, இதுதான் களம். பதினஞ்சு வருஷமா ஜெயிச்சுக்கிட்டே இருக்குற பாப் பிக்லரை, போதும்ங்க மத்தவங்களுக்கும் ஒரு வாய்ப்பு குடுங்கன்னு ஒதுங்கச் சொல்லிடறாங்க. நடிகர் டை பரல் பண்ணியிருக்குற அந்த கேரக்டர் சரின்னு தலையாட்டிட்டுப் போயிடுது, ஆனா பொண்டாட்டி லாராவால தாங்க முடியல, அப்ப நானே போட்டியில நிக்கிறேன்னு கத்தியைத் தூக்கிடறா. எதிர்ல வந்து நிக்கிறது டெஸ்டினின்னு ஒரு பத்து வயசு கருப்பினப் பொண்ணு, ஒவ்வொரு வளர்ப்பு வீடா மாறி மாறி வந்தவ, கையில அப்படி ஒரு திறமை.

இவ்ளோதான் கதை, இதுவே தாராளமா போதும். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா இவங்களுக்குப் பத்தல. பாப்கிட்ட வரவேண்டிய காசுக்காக சைக்கிள்ல துரத்திக்கிட்டே வர்ற, கிளப்புல ஆடை களைஞ்சு ஆடுற ஸ்ட்ரிப்பரா ஒலிவியா வைல்ட், லாராவோட பழைய காதலனா கார் விக்கிற ஹியூ ஜாக்மன், அப்புறம் பாப்போட பொண்ணுக்கு ஒரு தனி டிராக், நடுவுல மதம், இனம், அரசியல்னு எல்லாத்தையும் கிண்டல் பண்ணணும்னு ஆசை. ஒரு கிண்டல் சூடு பிடிக்கிறதுக்குள்ள அடுத்ததுக்குத் தாவிடுது, எதுவுமே நெஞ்சுல தைக்கல.

எனக்கு ரொம்ப வருத்தம் லாரா கேரக்டர்லதான். ஜெனிஃபர் கார்னர் உயிரைக் குடுத்து நடிச்சிருக்காங்க, அந்த விறைச்ச சிரிப்பு, எதையும் ஒரு மேடைப் பேச்சு மாதிரி பேசுறது, எல்லாமே கச்சிதம். இந்த ஸ்கிரிப்ட் பேசப்பட்டது 2008 தேர்தல் சமயம்கிறதால பார்க்கிற எல்லாருக்கும் அப்போ குடியரசுக் கட்சி துணை அதிபர் வேட்பாளரா நின்ன சாரா பேலின் ஞாபகம் வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க, புருஷன் பேர்ல வந்த புகழைத் தன்னோட உழைப்பாவும் நினைச்சு வாழ்ந்தவகிட்டேர்ந்து அதை ஒரே நாள்ல பிடுங்கிட்டாங்க, அவளுக்குக் கோவம் வர்றது நியாயம்தானே? அந்த இடத்துல ஒரு அஞ்சு நிமிஷம் நின்னிருந்தா இது வேற லெவல் படம். நிக்கல, அவளை வில்லியாக்கி சிரிக்க வச்சா போதும்னு முடிவு பண்ணிட்டாங்க.

இன்னொன்னு, வெண்ணெய். நிஜ அயோவாவுல இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரிஞ்சா இந்தப் படம் எதையெல்லாம் விட்டுடுச்சுன்னு புரியும். தலைநகர் டெமாய்ன்ல நடக்குற மாநிலக் கண்காட்சியில 1911-லேர்ந்து வெண்ணெய்ப் பசு, அதாவது வெண்ணெயில செஞ்ச பசு சிலை உண்டு. மரம், கம்பி, இரும்பு வலைன்னு முதல்ல ஒரு கூடு கட்டி, நாலு டிகிரி சுமாருக்குக் குளிரூட்டின அறைக்குள்ள நின்னு கொஞ்சம் கொஞ்சமா வெண்ணெயை அப்பி அப்பி உருவத்தைக் கொண்டு வருவாங்க, ஒரு பசுவுக்கு கிட்டத்தட்ட 270 கிலோ வெண்ணெய், கண்காட்சி முடிஞ்சதும் அதையே எடுத்து வச்சு அடுத்தடுத்த வருஷமும் உபயோகிப்பாங்க. நார்மா டஃபி லயன்னு ஒரு அம்மா 1960-லேர்ந்து 2005 வரைக்கும் இதைச் செஞ்சாங்க. அவங்க காலேஜ்ல படிச்சப்போ பொண்ணுங்களுக்குக் கால்நடை மருத்துவத்துல இடம் கிடையாது, அதனால விலங்கியல் சார்ந்த படிப்பு படிச்சாங்க, கூடவே சிற்பமும் கத்துக்கிட்டாங்க, அந்த ரெண்டும் சேர்ந்துதான் அந்தப் பசு. 1999-ல இயேசுவோட கடைசி விருந்தையே வெண்ணெயில செஞ்சு வச்சாங்க, 2008 தேர்தலுக்கு முன்னாடி ஒபாமாவுக்கு ஆதரவா ரேடியோ விளம்பரத்துலயும் பேசினாங்க. வெண்ணெயும் அரசியலும் நிஜத்துலயே இப்படிக் கலந்து கிடக்குது, இதை விட்டுட்டு படம் வெளியில நின்னு இந்த ஊர்க்காரங்க எல்லாம் லூசுங்கன்னு மட்டும் காட்டுது. ஊரை உள்ள இருந்து பார்த்தவங்க எடுத்த நக்கலா இருந்தா அந்த ஊர்க்காரங்களே விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க.

செதுக்குற வேலையையும் கிட்டப் போய்க் காட்டல. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட காட்சியை லாரா காரோட சேர்த்து செஞ்சு வைக்கிறா பாருங்க, படத்துலயே உருப்படியான நையாண்டி அதுதான், ஒரு பெரிய சோகத்தைக் கூட பரிசுக்காகப் பயன்படுத்துற அவ குணம் டயலாக்கே இல்லாம தெரியுது. ஆனா அதை எப்படிச் செஞ்சா, எங்க தடுமாறினா, ஒண்ணும் இல்ல, முடிஞ்ச சிலையைத்தான் காட்டுறாங்க.

படத்தைக் காப்பாத்துறது ரெண்டு பேர். டெஸ்டினியா யாரா ஷஹிதி, வளர்ப்பு அப்பாவா ராப் கார்ட்ரி. அந்தப் பொண்ணு கண்ணாலயே இந்தப் பெரியவங்களை எடை போடுற விதம் அவ்ளோ அழகு, எங்கயும் ஓவர் ஆக்டிங் இல்ல. இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிற சீன்லாம் படத்தோட சத்தமே அடங்கி மனசுக்கு நெருக்கமாயிடுது, அலிசியா சில்வர்ஸ்டோனும் வளர்ப்பு அம்மாவா நல்லாவே பண்ணியிருக்காங்க. டெஸ்டினி தன்னைப் பெத்த அம்மாவை நினைச்சு செதுக்குற இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, உண்மையைச் சொல்றேன். ஆனா அதே படத்துல அடுத்த சீன் கெட்ட வார்த்தையும் படுக்கையறை காமெடியுமா போறப்போ இது யாருக்கு எடுத்த படம்னே புரியல.

என்னைக் கேட்டா அஞ்சுக்கு ரெண்டரை குடுப்பேன், அதுல ரெண்டு யாரா ஷஹிதிக்கும் கார்ட்ரிக்கும். அவங்களுக்காக ஒரு தடவை தாராளமா பார்க்கலாம். போஸ்டரைப் பார்த்து குடும்பப் படம்னு நினைச்சு பிள்ளைங்களோட மட்டும் உக்காந்துடாதீங்க, இது ஆர் சர்டிஃபிகேட் படம், அதாவது பெரியவங்களுக்கானது.