நவோமி வாட்ஸா, சாண்ட்ரா புல்லக்கா?

நடிப்புப் பயிற்சிக்குப் போகும் என் தங்கை மகள், பேரழிவுப் படங்களில் யாருடைய நடிப்பை முதலில் பார்க்கலாம் என்று கேட்டாள். என் மனத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். 'தி இம்பாசிபிள்' (2012) படத்தின் நவோமி வாட்ஸ், 'கிராவிட்டி' (2013) படத்தின் சாண்ட்ரா புல்லக். இருவருமே அந்தந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர்கள். இருவருக்குமே விருது தவறிப்போனது. நான் வாட்ஸைத்தான் போட்டுக் காட்டினேன்.

புல்லக்கின் வேலை எளிதன்று. விண்வெளி விபத்தில் தனியே சிக்கிக்கொண்டவராக வருவதால், படத்தின் பெரும்பகுதியில் எதிரே நடிக்க ஆளில்லை. விண்கலத்துக்குள் தனியே உட்கார்ந்து, ரேடியோவில் எங்கோ ஒரு நாய் குரைப்பதைக் கேட்டுத் தானும் ஊளையிட, அது அழுகையாக மாறும் இடம் அபாரம். ஆனால் தியேட்டரில் முப்பரிமாணக் கண்ணாடியோடு பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டிய படம், வீட்டு டிவியில் அப்படிப் பிடிக்கவில்லை. அந்தத் திணறலில் பாதியைத் தந்தது பெரிய திரைதான் என்று அப்போதுதான் புரிந்தது.

வாட்ஸின் நடிப்புக்குத் திரையின் அகலம் தேவையே இல்லை. 2004 சுனாமியில் தாய்லாந்தின் காவோ லாக்கில் சிக்கிய மரியாவாக வருகிறார். அலை அடித்து ஓய்ந்த பிறகு, தாயின் காலில் சதை கிழிந்து தொங்குவதை மகன் லூக்காஸ் பார்த்துவிடுகிறான். விலகிக் கிடக்கும் அவளது ஆடையையும் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வலியில் அலற வேண்டிய அந்த நொடியில் வாட்ஸின் முகத்தில் வருவது கூச்சம். பிள்ளை பயப்படக் கூடாதே என்ற தவிப்பு அடுத்து வருகிறது. வலி அதற்குப் பிறகுதான். பிற்பாதி முழுக்க மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். முகம் வெளிற வெளிறக் குரலும் தேய்ந்துகொண்டே போகிறது. உள்ளங்கை அளவுத் திரையிலும் இவை தப்பாது.

படத்தின் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தக் கதைக்கு மூலமான மரியா பெலோனின் குடும்பம் ஸ்பானியக் குடும்பம். படத்தில் அது ஆங்கிலேயக் குடும்பமாகிவிட்டது. அத்தனை உயிர்களை இழந்த தாய்லாந்து மக்களும் ஓரத்திலேயே நிற்கிறார்கள். அது வாட்ஸின் குறையன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தி இம்பாசிபிள்' படத்தை நான் தியேட்டரில் பார்த்ததில்லை. பெரிய திரையில் இரண்டையும் பார்த்தவர்களின் தீர்ப்பு வேறாக இருக்கலாம்.

தங்கை மகள் அந்தக் கால் காயக் காட்சியை இரண்டு முறை திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.