கிருஷ்ணகிரி மாலை நேரப் பைத்தான் வகுப்பு: டிக்ஷனரி பாடத்துக்காகவே சேரலாம்

இராயக்கோட்டை சாலையில் ஒரு மாடியில் நடக்கும் இந்தப் பைத்தான் நிரல்மொழி வகுப்பை, நிரல் எழுதப் பழக நினைக்கும் கடைக்காரர்களுக்கும் கணக்கர்களுக்கும் மனமாரப் பரிந்துரைக்கிறேன். நான் மாம்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறவன். உடன் படிப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ஆனாலும் ஆசிரியை என் வேகத்துக்கும் இடம் கொடுத்தார்.

அவர் பாடம் நடத்தும் விதத்துக்கு ஒரு வகுப்பைச் சொன்னால் போதும். மாங்காய் வகைகளின் பட்டியலை நான் கொண்டுபோயிருந்தேன்: கிளிமூக்கு, செந்தூரா, நீலம், மல்கோவா, இமாம் பசந்த். ஒவ்வொரு பெயரிலும் தானாக ஒரு மாறி (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) உருவாகி, அதில் எடை சேர வேண்டும் என்றார் காவேரிப்பட்டணத்து மாணவர் ஒருவர். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் மாறிகளாக ஏற்கும் என்பதால் அவருக்கு ஆசை கூடியிருந்தது. "கூடாது" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடும் ஆசிரியர்கள் உண்டு. இவர், "செய்து பாருங்கள் தம்பி" என்றார்.

எழுத்தாகக் கொடுப்பதை நிரலாகவே ஓட்டும் எக்ஸெக் கட்டளை கொண்டு ஓட்டியதும் முதல் நான்கு பெயர்களும் மாறிகளாயின. இமாம் பசந்த் வந்ததும் நடுவிலுள்ள இடைவெளியால் பிழை. பட்டியலில் யாராவது கோப்புகளை அழிக்கும் கட்டளையை எழுதி வைத்தால் எக்ஸெக் அதையும் நிறைவேற்றிவிடும் என்று ஆசிரியை எச்சரித்தார். அடுத்தது குளோபல்ஸ், அதாவது நிரலின் பொதுவான மாறிகள் எல்லாம் இருக்கும் தொகுப்பு; அதில் நேராகப் பெயர்களைச் சேர்த்தோம். பிழை வரவில்லை, ஆனால் இமாம் பசந்த் என்று நிரலில் நேராக எழுதி அந்த எடையை எடுக்க வழியில்லை. பிறகு பட்டியலில், திரையில் காட்டும் கட்டளையான பிரிண்ட் என்ற சொல்லைச் சேர்த்துக் காட்டினார். அந்தக் கட்டளை இருந்த இடத்தில் தொடக்க எடையான பூஜ்யம் உட்கார்ந்துகொண்டது. அதன்பின் பிரிண்ட் கொண்டு எதையும் திரையில் காட்ட முடியவில்லை.

அப்போதுதான் கேட்டார்: "நாளை பட்டியலில் என்ன பெயர் வரும் என்றே தெரியாதபோது, அந்த மாறியை அடுத்த வரியில் எப்படிப் பெயர் சொல்லி அழைப்பீர்கள்?" குளோபல்ஸ் தருவதே ஒரு டிக்ஷனரிதான், அதாவது சாவி எனப்படும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு மதிப்பை வைக்கும் அட்டவணை. அதற்குள் கைவைப்பதைவிட, எடை என்று நமக்கென ஒரு டிக்ஷனரி வைத்து, வகையைச் சாவியாகவும் கிலோவை மதிப்பாகவும் போட்டுவிடலாம். பெயரில் இடைவெளி இருந்தாலும் தடையில்லை, மொத்தம் கூட்ட ஒரே வரி. பைத்தான் 3.7 முதல் சேர்த்த வரிசையும் குலையாது என்பதால், சீட்டில் எழுதிய வரிசையிலேயே அறிக்கை கிடைக்கிறது. மண்டியில் இப்போது ஓடுவது அந்த நிரல்தான்.

கையில் கொடுக்கும் அச்சுப் பிரதியை மட்டும் உடனே மாற்ற வேண்டும். பிரிண்ட் கட்டளை அதில் அடைப்புக்குறி இல்லாமல் இருக்கிறது. அது பைத்தான் 2 காலத்து வழக்கம். அந்தப் பதிப்புக்கு ஆதரவு 2020 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் தனியாகப் பழகுகிறவர் முதல் வரியிலேயே பிழையில் மாட்டிக்கொள்வார். கணினிக்கு இருவர் உட்காருவதும் சிரமம்தான்.

பருவ காலத்தில் மண்டியில் இருப்பவர்களுக்கு மாலை நேரம் ஒத்துவராது. காலை வகுப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். தேவைப்படும் மற்றவர்களும் போய்க் கேளுங்கள், ஆள் சேர்ந்தால் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.