பழைய சால்டர் வாங்குதவங்க பாத்துக்கிடுங்க: எனக்கு 7,200 ரூபாய் போச்சு

மக்களே, முந்தாநாள் நடந்தது. கோவம் இன்னும் அடங்கல. திருநெல்வேலியில ஒரு பழைய சாமான் கடையில 8 கிலோ சால்டர் (குழாய், ஒயரை ஒட்ட உருக்கி ஊத்துற ஈயக் கலவை) வாங்கினேன். கிலோ 900, மொத்தம் 7,200 ரூபாய். அத்தனையும் போச்சு, கூட 30 கிலோ ஈயமும் நாசம்.

உவரி பக்கம் தூண்டில்காரங்களுக்கு ஈயக்குண்டு வார்த்துக் குடுக்கேன். வெறும் காரீயத்தை, அதாவது சாதா ஈயத்தை, ஊத்தினா சின்ன அச்சுல நூல் கட்டுற காது, ஓரமெல்லாம் சரியா நிறையாது. நூத்துக்கு மூணு பங்கு வெள்ளீயம் (டின்) சேந்தா நல்லா ஓடி நிறையும். தனி வெள்ளீயம் விக்கிற விலைக்கு நமக்குக் கட்டாது. அதான் பழைய குழாய் வேலை சால்டரைத் தேடிப் போனேன். அதுல பாதி காரீயம், பாதி வெள்ளீயம். 30 கிலோவுக்கு 2 கிலோ போட்டா கணக்கு சரியா வரும்.

கடைக்காரர் உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. "பழைய பங்களாவுல குழாய் வேலைக்கு வாங்கி மிஞ்சினது அண்ணாச்சி, பாதிக்குப் பாதி"ன்னாரு. அவரே ஒரு பாளத்தை எடுத்து, சூடான சால்டரிங் அயர்னை வச்சுக் காட்டினாரு. தொட்ட உடனே பளபளன்னு உருகி வழிஞ்சுது. "நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்தி நான் எங்க போய் நிக்க?"ன்னாரு. அந்தச் சொல்லை நம்பித்தான் 7,200 ரூபாயை எண்ணி வச்சேன். உருகின அந்த ஒரு பாளம்தான் சால்டர்!

வீட்டுக்கு வந்து சட்டியில போட்டா, காரீயம் முழுசா உருகிக் கெடக்கு, பாளம் மேல அப்படியே மெதக்குது. காரீயம் உருக 327 டிகிரி வேணும். பாதிக்குப் பாதி சால்டர் 183-லயே இளக ஆரம்பிச்சு, 215 பக்கம் முழுசா உருகிரும். அப்போ நிசமான சால்டர்னா காரீயத்துக்கு முன்னாடியே உருகியிருக்கணும்லா. போன் போட்டேன். "சூட்டைக் கூட்டுங்க அண்ணாச்சி, பழைய சரக்குல்லா"ன்னாரு. கூட்டினேன். கரைஞ்சுது. அதோட சட்டி முழுக்கக் கூழாட்டம் ஆயிட்டு. அச்சுல ஊத்தினா பாதியில நிக்குது, குண்டெல்லாம் சுருக்கம். மிச்சப் பாளத்துல ஒரு சொட்டு ஆசிட் விட்டேன், நுரைச்சுப் பொங்கிச்சு. துத்தநாகம்! அது உருக 419 டிகிரி வேணும், சூட்டைக் கூட்டச் சொன்னது எனக்குக் கொள்ளி வச்ச மாதிரி ஆச்சு. ஈயத்துல துத்தநாகம் கலந்துட்டா வீட்டுல வச்சுப் பிரிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

திரும்பப் போன் போட்டா "உங்க ஈயத்துலதான் கோளாறு"ங்காரு. அப்புறம் அவர் மகன் எடுத்து, "அப்பா தென்காசி போயிருக்காவ"ங்கான். நேர்ல போனேன். டீ வாங்கிக் குடுத்த அதே மனுசன், "பில் இருக்கா?"ன்னு கேக்காரு. கேட்டப்போ பில் புக்கு தீந்துட்டுன்னு சொன்னதும் அவருதான். 7,200 ரூபாய் அவருக்குச் சின்னக் காசா இருக்கலாம், எனக்கு அது ஒரு மாசத்து ஈயச் செலவு.

வாங்குதவங்க, கடைக்காரர் எடுத்துக் குடுக்கிற பாளத்தைப் பாக்காதிய. நீங்களா நாலஞ்சு எடுத்து ஒவ்வொண்ணுலயும் சூடு வச்சுப் பாருங்க. சட்டி ஈயத்துல மெதந்துக்கிட்டு உருகாம நின்னா, சூட்டைக் கூட்டாதிய, உடனே கரண்டியால வழிச்சு வெளிய போட்டுருங்க. பில் இல்லாம துட்டைக் குடுக்காதிய. உருக்குறதை வெட்டவெளியில வச்சு உருக்குங்க, சமையல் பாத்திரம் பக்கமே கொண்டு போகாதிய.

மிச்ச 6 கிலோ பாளமும் என்கிட்டதான் இருக்கு. திங்கக்கிழமை அதைத் தூக்கிட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போறேன். இதே மாதிரி பாளம் வாங்கி ஏமாந்தவங்க இருந்தா சொல்லுங்க, சேந்தே போவோம்.