ஃபிலிமில் எடுத்த கட்டடங்கள்: கேன்வாஸா, கண்ணாடி ஃப்ரேமா?

எங்கள் வீட்டு ஹாலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கட்டடத்தை எடுத்த இரண்டு படங்கள் எதிரெதிரே மாட்டியிருக்கின்றன. இரண்டும் ஒரே கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்தவை. ஒன்று கேன்வாஸில், மற்றது பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை ஓரம்) வைத்துக் கண்ணாடி போட்டது. ஒரு மழைக்காலம் முழுவதும் இரண்டையும் பார்த்தபின் சொல்கிறேன்: கட்டடப் படத்துக்குக் காகிதம்தான். கேன்வாஸ் வெல்லும் இடம் ஒன்று உண்டு; அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் சிக்கல் ஓரம். கேன்வாஸை ஏறக்குறைய ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது, படத்தின் நான்கு ஓரங்களும் பக்கவாட்டில் மடிந்துபோகின்றன. கடற்கரைப் படத்தில் அது தெரியாது. சிஷம் வடிவமைத்து 1879இல் முடிந்த செனட் ஹவுஸுக்கோ மூலைக் கோபுரங்கள்தாம் உயிர். என் படத்தில் வலப்பக்கக் கோபுரத்தின் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. அச்சிட்டவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஓரத்தைக் கண்ணாடி பிம்பம்போல் திருப்பி நிரப்பும் முறையும் உண்டு. தூண் இருக்கும் இடத்தில் அது இரட்டைத் தூணாகிவிடும். வெறும் கறுப்பு ஓரம் கேளுங்கள். படம் எடுக்கும்போதே கோபுரத்தைச் சுற்றித் தாராளமாக இடம் விடுங்கள்.

இரண்டாவது, துகள்; ஃபிலிமில் படத்தை உருவாக்கும் நுண்ணிய வெள்ளிப் புள்ளிகள். 35 மி.மீ. நெகட்டிவின் நீளம் 36 மி.மீ. அதை 36 அங்குலத்துக்குக் கொண்டுபோனால் 25 மடங்குக்கு மேல் பெரிதாகிறது. ஐஎஸ்ஓ 400 அளவுக்கு ஒளியுணர்வு கூடிய ஃபிலிமின் துகள்கள் நன்றாகவே தெரியும். எனக்கு அவை பிடிக்கும். ஆனால் துகள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடப்பது, கேன்வாஸ் நெசவோ கட்டம் கட்டமானது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது செங்கல் இடுக்குகள் மங்குகின்றன. 1892இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றத்தின் செதுக்கு வேலையைக் கேன்வாஸில் போடுவது அந்தக் கொத்தர்களின் உழைப்பைத் துணியால் மூடுவது போலத்தான். ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 காகித நெகட்டிவ்களில் எடுத்து, பெரிதாக்காமலே அச்சிட்டு, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு இணைத்தார். எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்ற அந்த அக்கறைக்கு ஏற்றது காகிதம்தான்.

கேன்வாஸின் நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்று ஸ்கேன் செய்தால், 36 அங்குல அச்சில் அங்குலத்துக்கு 95 புள்ளிகள்கூடத் தேறாது. காகிதம் அந்தக் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும், கேன்வாஸ் மறைத்துவிடும். 6×6 செ.மீ. என்ற பெரிய நெகட்டிவ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

சென்னையின் ஈரம் இரண்டையும் விடுவதில்லை. ஐப்பசி மழையில் என் கேன்வாஸ் தொய்ந்தது. பின்புற மூலைகளில் உள்ள மர ஆப்புகளைத் தட்டி இறுக்கினேன். ஈரத்துணியால் அதைத் துடைக்கவும் முடியாது. காகிதம் கண்ணாடியில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். மவுண்ட் தரும் இடைவெளி அதற்காகத்தான். அமிலமில்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். ஓதம் ஏறும் வெளிச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள்.

இருட்டறையில் கையால் போடும் வெள்ளி பிரிண்ட் இவை இரண்டையும்விட அழகு. ஆனால் அது சிறிய அளவுக்கு, அருகில் நின்று பார்க்கும் சுவருக்கு.

இனி அந்த விதிவிலக்கு. பால்கனிக்கு நேர் எதிரே உள்ள சுவரில் கண்ணாடி போட்ட ஃப்ரேம் காலையெல்லாம் ஜன்னலைத்தான் காட்டும். கேன்வாஸ் படத்தைக் காட்டும். அங்கே நுண்ணிய வேலைப்பாடு வேண்டாம், ஒளியும் நிழலும் போதும். 1959இல் திறந்த எல்ஐசி கட்டடத்தை அண்ணா சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது; பெரிய பெரிய பரப்புகள், சுற்றிலும் நிறைய வானம். பால்கனிக்கு எதிரே தொங்கும் செனட் ஹவுஸ் கேன்வாஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டப்போகிறேன், கறுப்பு ஓரத்தோடு.