ப்ளூபெர்ரி குச்சி நட்டு 5 வருஷம்: இலைய நம்பாதீங்க

நாங்க இருக்கறது நியூ ஜெர்சில, எடிசன் பக்கம். வீட்டுப் பின்பக்கம் ப்ளூக்ராப்ங்கற ப்ளூபெர்ரி ரகத்துல 2 செடி ஏற்கெனவே நல்லா காய்ச்சுட்டு இருந்துச்சு, வேலி ஓரம் முழுக்க வைக்கணும்னு ஆசை, ஆனா நர்சரில ஒவ்வொண்ணும் விலை கொடுத்து வாங்கணுமான்னு யோசிச்சு 2021 பிப்ரவரில கட்டிங் போட ஆரம்பிச்சேன். முருங்கைக் கொம்ப ஒடிச்சு நட்டா மரமா நிக்கற ஊர்ல வளர்ந்தவ நான், செம்பருத்தி எல்லாம் அம்மா குச்சி ஒடிச்சு சும்மா சொருகிவிடுவாங்க, அதே மாதிரிதான் இதுவும் வரும்னு நம்பினேன்.

முதல் தடவை 20 குச்சி. தேங்காய் நார்த்தூள்ல நட்டு குழாய்த் தண்ணி ஊத்துனேன். ஏப்ரல்ல எல்லாத்துலயும் துளிர் வந்துச்சு, குட்டிக் குட்டியா சிவப்பு கலந்த பச்சை இலை, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினா "வேர் புடிச்சிருச்சுடி, எடுத்து தொட்டில வை"ன்னாங்க. ஜூன்ல பாத்தா ஒவ்வொண்ணா வாடுது. ஒண்ண உருவிப் பாத்தேன், அடில வேரே இல்ல, வெட்டுன இடத்துல லேசா தடிச்சிருந்துச்சு அவ்ளோதான். 20ம் போச்சு.

இந்த ஒரு விஷயத்தத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன், ப்ளூபெர்ரி குச்சில இலை முதல்ல வரும், வேர் ரொம்ப நாள் கழிச்சுத்தான் வரும். அந்த இலை வர்றது குச்சிக்குள்ள சேத்து வெச்சிருக்கற சத்துல. வேர் வர 2, 3 மாசம் ஆகும், அதுக்குள்ள ஆசைப்பட்டு உரம் போட்டாலோ பிடுங்கி மாத்துனாலோ கதை முடிஞ்சுது.

2022ல எல்லாத்தையும் மாத்துனேன். பீட் மாஸும் (மக்குன பாசி, இயற்கையாவே புளிப்பு) பெர்லைட்டும் (தண்ணி தேங்காம இருக்க கலக்கற வெள்ளைக் குருணை) பாதிக்குப் பாதி. இந்தச் செடிக்கு மண் புளிப்பா இருக்கணும், பிஹெச் 4.5ல இருந்து 5 சொச்சம் வரைக்கும், நார்த்தூள்ல அந்தப் புளிப்பு கிடையாது. எங்க குழாய்த் தண்ணி வேற உப்புத் தண்ணி, அதனால கூரைல விழற மழைத் தண்ணிய டிரம்ல புடிச்சு அதையே ஊத்துனேன். குச்சி எடுக்கறப்ப போன வருஷம் வளந்த கிளையா, பென்சிலவிட கொஞ்சம் மெல்லிசா, 5 இஞ்ச் நீளத்துக்கு வெட்டுங்க. கிளை நுனில குண்டு குண்டா இருக்கறது பூ மொட்டு, அந்தப் பகுதி வேண்டாம், கீழ ஒட்டுனாப்ல கூரா சின்னதா இருக்கே அதுதான் இலை மொட்டு, அது இருக்கற இடமா பாத்து எடுக்கணும். கீரை வாங்குற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா இருக்குல்ல, அதுல அடில ஓட்டை போட்டு நட்டேன், அடில சூடு குடுக்கற மேட் ஒண்ணு, 70 டிகிரி ஃபாரன்ஹீட் சுமாருக்கு.

ஜூன் நடுவுல ஒருநாள் காலைல டப்பா ஓரத்துல வெள்ளையும் பழுப்புமா நூல் மாதிரி ஏதோ ஓடுது, பூஞ்சையோன்னு பயந்துட்டேன், வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா வேர்! தலைமுடியவிட மெல்லிசு. இந்தச் செடி வேர் அப்படித்தான், அதனாலதான் ஒரு நாள் காஞ்சாலும் தாங்காது, தண்ணி தேங்குனாலும் அழுகிடும். 24ல 15 புடிச்சுது.

கோடைல பச்சைக் குச்சி வெச்சும் பாத்தேன், 10ல 4 தான் வந்துச்சு, மூடி வெச்ச ஈரத்துல சாம்பல் பூஞ்சை வந்துருச்சு, காலைல கொஞ்ச நேரம் மூடிய தொறந்து வெச்சிருக்கணும். எனக்கு குளிர்காலக் குச்சிதான் சரிப்பட்டு வருது.

இன்னொண்ணு, பேட்டன்ட், அதாவது உருவாக்குனவங்களுக்கு மட்டும் உரிமை இருக்கற ரகத்த கட்டிங் போடக் கூடாது, லேபிள்ல எழுதியிருக்கும், பாத்துக்கோங்க. ப்ளூக்ராப் 1952ல வந்த ரகம், அந்தக் கவலை இல்ல. விதை போடலாமேன்னு கேக்கறவங்களுக்கு, விதைல தாய்ச்செடி மாதிரியே வராது. எங்க வீட்ல இருந்து ஒரு மணி நேரத்துல வைட்ஸ்பாக்னு ஒரு இடம் இருக்கு, அங்கதான் எலிசபெத் வைட்ங்கற விவசாயியும் ஃபிரெட்ரிக் கோவில்ங்கற தாவர ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ப்ளூபெர்ரிய பயிரா மாத்துனாங்க, 1916ல முதல் விற்பனை. காட்டுல பெரிய பழம் இருக்கற புதர காட்டுறவங்களுக்கு அந்தம்மா காசு குடுத்து, கண்டுபிடிச்சவர் பேரையே அந்தச் செடிக்கு வெச்சாங்க. ரூபெல் ரகம் அப்படி வந்ததுதான். நூறு வருஷத்துக்கு மேல குச்சில இருந்து குச்சியா அதே காட்டுப்புதர் இன்னும் உயிரோட இருக்குன்னு நினைச்சா எனக்கு சிலிர்க்குது.

முதல் குளிர்காலம் 15 தொட்டியும் ஹீட்டர் இல்லாத கராஜ்ல. 2023லயும் 2024லயும் வந்த பூவ எல்லாம் கிள்ளிட்டேன், மனசு வரல, ஆனா கிள்ளுனாத்தான் செடி வளரும். நடுவுல 3 செடில இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு, மண்ணுல புளிப்பு குறைஞ்சு இரும்புச் சத்த எடுக்க முடியலன்னு அர்த்தம். மண்ண புளிப்பாக்கற அமோனியம் சல்ஃபேட் உரம் ரொம்பக் கொஞ்சமா குடுத்து, பைன் ஊசி இலைய மேல பரப்புனேன், 2 தேறிடுச்சு. 2025 ஜூலைல முதல் பறிப்பு, செடிக்கு 2 கப் இருக்கும், வலை போட மறந்த ஓரத்துச் செடிய குருவிங்க காலி பண்ணிருச்சு.

இந்த பிப்ரவரில ஃப்ரெண்ட் வீட்டு ரூபெல்ல இருந்து 12 குச்சி வெச்சிருக்கேன். 9ல இலை வந்துருச்சு, டப்பா ஓரத்துல இன்னும் எதுவும் தெரியல, தொடாம வெச்சிருக்கேன்.