பினாங்கு ஜார்ஜ் டவுன்: எந்தக் கடை, எந்த நேரம், என்ன சொல்லி வாங்குவது

ஜார்ஜ் டவுனில் பெயர்பெற்ற கடையைத் தேடிப் போய், "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று முகம் சுளித்துத் திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் கடை மேல் குற்றமில்லை. போன நேரம் தப்பாக இருக்கும், இல்லையென்றால் கேட்ட விதம் தப்பாக இருக்கும். ஒரே கடையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பேருக்கு வெவ்வேறு ருசியில் தட்டு கிடைக்கிற ஊர் இது. கரண்டி பிடிக்கிறவரிடம் என்ன சொன்னோம் என்பதில்தான் பாதி ருசி இருக்கிறது.

2008ல் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழைய நகரப் பகுதி அளவில் சின்னது. கொம்தார் கோபுரத்தடியில் நடக்கத் தொடங்கினால் அரை மணி நேரத்துக்குள் கடற்கரைக்கு வந்துவிடலாம். நல்ல சாப்பாட்டுக் கடைகள் பினாங்கு ரோடு, கேம்பல் தெரு, சூலியா தெரு, பினாங்கு தெரு, டிரான்ஸ்பர் ரோடு ஆகிய ஐந்தைச் சுற்றியே இருக்கின்றன. ஆர்மீனியன் தெருப் பக்கம் 2012ல் சுவரோவியங்கள் வந்த பிறகு முளைத்த குளிர்சாதனக் காப்பிக் கடைகள் இளைப்பாற உதவும். சாப்பாட்டுக்கு அங்கே போக வேண்டியதில்லை.

முதலில் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளர்களுக்காகக் காவடிக் கம்பில் சோறும் கறியும் தூக்கி விற்றதில் தொடங்கிய சாப்பாடு. கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்து வேர் இன்னும் பல கடைகளில் காதில் விழும். கல்லாவில் இருப்பவர் தமிழ் பேசுவார். ஆனால் சோறு போடுகிறவர் வங்கதேசத்தவராகவோ மியன்மார்க்காரராகவோ இருக்கக்கூடும். அதனால் நாலு மலாய்ச் சொற்களைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.

தட்டு இப்படித்தான் உருவாகும்: முதலில் சோறு. வெள்ளைச் சோறா பிரியாணிச் சோறா என்று கேட்பார்கள். வெள்ளைச் சோற்றையே கேளுங்கள். பிரியாணிச் சோற்றுக்கு நெய்யும் மசாலாவும் ஏற்கெனவே இருப்பதால், மேலே விழும் குழம்பு அதில் திகட்டும். அடுத்து துணைக்கறி: பொரித்த கோழி, ஆட்டுக்கறி, கணவாய், இறால், மீன் சினை, அவித்த முட்டை. பிறகு வெண்டைக்காயோ முட்டைக்கோசோ. கடைசியில் குழம்பு. இங்கேதான் கடையின் கைத்திறன் தெரியும்.

குழம்பை ஒரே சட்டியிலிருந்து ஊற்றுவதில்லை. கோழி ஆணம், புளிப்பான மீன் ஆணம், சோயா சாற்றில் கறுத்து இனிப்பேறிய இறைச்சிக் குழம்பு, பருப்பு என்று மூன்று நான்கு சட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊற்றுவார்கள். இதற்குப் பெயர் 'குவா சம்பூர்'. சோறு மூழ்கும்படி வேண்டுமென்றால் 'பாஞ்சிர்' என்று சொல்ல வேண்டும். புளிப்பு, இனிப்பு, காரம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்போதுதான் அது நாசி கண்டார். ஒரே குழம்பு போதும் என்று கேட்டு வாங்கினால் ஊரில் கிடைக்கிற கறிச்சோறுதான் கிடைக்கும், அதற்குப் பினாங்கு வரை வர வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கறுத்த குழம்பு பெரும்பாலும் மாட்டிறைச்சிக் குழம்பு; கடையில் 'டாகிங்' என்பார்கள். கோழி மட்டும் கேட்டு வாங்கினாலும் கலவையில் அது சேர்ந்துவிடும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சோறு போடும் முன்பே "டாகிங் குழம்பு வேணாம்" என்று சொல்லிவிட வேண்டும். ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை. ஒரே கரண்டி எல்லாச் சட்டிக்கும் போய்வருவதையும் கவனியுங்கள். இதில் கண்டிப்பானவர்களுக்கு நாசி கண்டார் ஒத்துவராது.

இரண்டாவது சொல்ல வேண்டியது, "பொரிச்ச கோழி மேல ஊத்தாதீங்க". பழக்க வேகத்தில் தட்டு முழுக்க ஊற்றிவிடுவார்கள், இரண்டு நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். கோழித் தட்டு காலியாகும் தறுவாயில் இருந்தால் அடுத்த சுற்று வரும் வரை பின்னால் இருப்பவருக்கு இடம் விட்டு நில்லுங்கள். கணவாய் மணிக்கணக்கில் குழம்பில் கிடந்தால் ரப்பராகிவிடும், காலையிலோ மதியத் தொடக்கத்திலோ மட்டும் எடுக்கலாம். மீன் சினை குழம்புக்குள் முழுகியிருந்தால் எடுங்கள். மேலே மிதந்து காய்ந்திருந்தால் உள்ளே மாவு மாதிரி உதிரும். குழம்பின் கதை வேறு. திறந்தவுடன் அது நீர்த்திருக்கும். கறித்துண்டுகளின் சாறு இறங்கி, கொதித்து வற்றி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் கெட்டிப்படும். கடை மூடப்போகும் நேரத்தில் உப்புக் கரிக்கத் தொடங்கும். மதியச் சாப்பாட்டுக் கடைக்கு 12 மணிக்குக் கொஞ்சம் முன்னால் போவது கோழிக்கும் குழம்புக்கும் ஒருசேர நல்ல நேரம், வரிசையும் தாங்கும்.

விலைதான் அதிகம் சண்டை வருகிற இடம். தட்டைப் பார்த்துக் கண்ணளவில் கணக்குச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கோழித் துண்டு, வெண்டைக்காய், முட்டையோடு நிறுத்தினால் பெரும்பாலும் 10 முதல் 15 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) அடங்கும். பெரிய இறால், மீன் சினை, மீன் தலை மூன்றும் அளவைப் பொறுத்து விலை ஏறுபவை. ஒற்றை இறாலுக்கே மீதித் தட்டைவிட அதிகம் ஆகலாம். கையை நீட்டிக் காட்டும் முன் "பெராப்பா?" (எவ்வளவு?) என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டால்தான் வம்பு.

கடைகள்? கேம்பல் தெரு ஹமீதியா 1907லிருந்து நடக்கிறது. குழம்பு அதிரடியாக இருக்காது, நிதானமான கலவை; குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு ஏற்றது. அங்கே முர்தபாவையும் விட வேண்டாம்: கொத்துக்கறி, வெங்காயம், முட்டையை மெல்லிய மாவுக்குள் மடித்துக் கல்லில் சுடுவது. சுட நேரம் பிடிக்கும் என்பதால் உட்கார்ந்தவுடன் முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போங்கள். காடியில் ஊறவைத்த வெங்காயம் கூட வரும், அது இல்லாமல் முர்தபா பாரமாகிவிடும். பினாங்கு ரோட்டுச் சந்துக்குள் இருக்கும் லைன் கிளியர் நேர் எதிர்: சந்திலேயே மேசை, விசிறிக் காற்று, காரமும் கனமும் கூடிய குழம்பு. எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் வெள்ளைச் சட்டையில் போகாதீர்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டிய நாசி கண்டார் பெராத்தூர் இரவுக் கடை. வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும், ஏனென்றால் நிற்கிறவர்கள் முன்பே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். முன்னால் போய் நின்று யோசிக்கிறவருக்கு அங்கே மரியாதை கிடையாது.

பொட்டலம் கட்டி வாங்குவதானால் ஒரு நுணுக்கம். குழம்போடு கட்டினால் அரை மணி நேரத்தில் சோறு அதைக் குடித்து ருசி கூடும். கோழி நனைந்து போகும். கோழி முக்கியம் என்றால் 'குவா ஆசிங்' என்று சொன்னால் குழம்பைத் தனிப் பையில் கட்டுவார்கள்.

காலையில் பசியாற டிரான்ஸ்பர் ரோட்டு ரொட்டி சானாய். சாலையோர மேசை, புகை, வண்டிச் சத்தம் எல்லாம் உண்டு. நம் பரோட்டாவுக்கு உறவு என்றாலும் இது மெல்லியது. மாவுருண்டைகளைக் கொழுப்பில் மூழ்கவிட்டு மணிக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். ஊறல் போதாவிட்டால் வீசும்போது கிழியும், வெந்த பிறகு தோல் மாதிரி இழுக்கும். கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டி அடுக்குகளை உதிர்க்க வேண்டும். கூட்ட நேரத்தில் முன்கூட்டியே சுட்டு அடுக்கிவைக்கும் கடைகளில் இந்த வேலை நடப்பதில்லை. அடுக்கிவைத்தது தன் ஆவியிலேயே துவண்டுவிடும். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உட்காருங்கள். 'கோசோங்' என்றால் வெறும் ரொட்டி, 'தெலுர்' முட்டை, 'பவாங்' வெங்காயம். இந்த ரோட்டில் ரொட்டியைத் துண்டாக்கிக் கறிக்குழம்பில் நனைத்துத் தருவது வழக்கம். அதுதான் இங்கே சாப்பிட வேண்டிய முறை, ஆனால் இங்கேயும் எந்த இறைச்சி என்று முதலில் கேளுங்கள்.

கூடவே தே தாரிக். இந்தத் தேநீரில் இருப்பது இனிப்பூட்டிய கெட்டிப்பால் என்பதால் பாலும் சர்க்கரையும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. 'குராங் மானிஸ்', அதாவது இனிப்பு குறைத்து என்று கேட்டால் பாலும் சேர்ந்து குறையும். கறுத்துக் கசக்கும் தேநீர் வரும், கடைக்காரரைத் திட்டத் தோன்றும். இதற்கு வழி 'தே சி குராங் மானிஸ்' என்று கேட்பது. இனிப்பில்லாத சுண்டிய பாலும் தனியாகச் சர்க்கரையும் சேர்ப்பதால் இனிப்பை மட்டும் குறைக்க முடியும். சர்க்கரையே வேண்டாதவர்களுக்கு 'தே சி கோசோங்'. பாலில்லாதது 'தே ஓ', இஞ்சி போட்டது 'தே ஹாலியா'. ஆற்றுவது வேடிக்கைக்காக அல்ல. கொதிநீரில் இறங்கிய சாயத்தைக் குடிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரவும், அடியில் தங்கும் கெட்டிப்பாலைக் கரைக்கவும், நுரை எழுப்பவும்தான். குவளையின் அடியில் பால் திட்டாகத் தங்கியிருந்தால் அவசரத்தில் ஆற்றியது என்று வைத்துக்கொள்ளலாம்.

காப்பிக்குச் சீனர் கடைக்குப் போக வேண்டும். கேம்பல் தெருவை ஒட்டிய சந்தில் தோ சூன் கடை. கரி அடுப்பில் சுட்ட ரொட்டியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய காயா ஜாம், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை. காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கறுக்க வறுப்பது இங்கத்திய முறை. பில்டர் காப்பி நாக்கோடு போகிறவர்களுக்கு முதல் வாய் கருகலாகத் தெரியும். 'கோப்பி ஓ' வேண்டாம், பால் சேர்த்ததிலிருந்து தொடங்குங்கள். காலை 9 மணிக்கு மேல் இடம் கிடைப்பது சிரமம்.

சீனர் காப்பிக் கடைகளின் ஒழுங்கு தெரியாமல் சங்கடப்படுகிறவர்கள் உண்டு. மேசையும் பானமும் கடை உரிமையாளருடையவை, உள்ளே இருக்கும் உணவு வண்டிகள் ஒவ்வொன்றும் தனி வியாபாரம். மேசை எண்ணைப் பார்த்துவைத்துக்கொண்டு வண்டியில் சொல்ல வேண்டும், தட்டு வரும்போது அவரவருக்குத் தனித்தனியாகக் காசு. ஒரு பானமாவது வாங்குவது வாடகை போல. வாங்காவிட்டால் சில இடங்களில் தனிக் கட்டணம் கேட்பார்கள். சார் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸ் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் புரட்டுவது. அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் சூப்பில் பன்றி இல்லை, ஆனால் அதன் உயிரே வேகவைத்து உதிர்த்த கானாங்கெளுத்தி வகை மீனும் புளியும்தான். மேலே விடும் கறுப்பு இறால் விழுதைக் கொஞ்சமாகக் கலந்து பார்த்துவிட்டுப் பிறகு கூட்டுங்கள். ஒரேயடியாகக் கலக்கினால் புளிப்பு அடங்கிவிடும்.

பினாங்கு ரோட்டை ஒட்டிய கெங் குவீ சந்தில் செண்டோல் வண்டிகள் எதிரெதிரே நிற்கின்றன. 1936 என்று பெயர் போட்ட தியோச்சியூ வண்டிக்கு நீள வரிசை. எதிர்ப்பக்கம் மட்டமில்லை, வெயில் கொளுத்தும்போது வரிசை குறைந்த பக்கம் போவதே புத்தி. பச்சை மாவிழை, சிவப்பு அவரை, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சீவிய பனிக்கட்டி. பாகு அடியில் கிடக்கும், கீழிருந்து மேலே கிளறி உடனே சாப்பிட வேண்டும். பனி உருகிவிட்டால் தேங்காய்ப்பால் நீர்த்துச் சப்பென்று ஆகும், அதனால் பையில் கட்டி வாங்கிப் போவதில் அர்த்தமில்லை.

சைவர்கள் பினாங்கு தெருவுக்கு வந்துவிடுங்கள். உட்லண்ட்ஸில் சைவம் மட்டும்தான், தோசை இட்லிக்கு நம்பிப் போகலாம். 1833ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் பக்கத்திலேயே குயின் தெருவில் இருப்பதால் தரிசனம் முடித்து வருகிற காலைக் கூட்டம் இருக்கும். சீன பௌத்த சைவக் கடைகளும் நல்ல மாற்று. பல கடைகளில் வெங்காயம், பூண்டும் கிடையாது. சீன நாட்காட்டியின் 1, 15ஆம் நாட்களில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. மற்றச் சீனர் கடைகளில் "காய்கறி மட்டும்" என்று கேட்டு வாங்கினாலும் உலர்ந்த இறாலோ இறால் விழுதோ வந்துவிடும்.

பசெம்பூரை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். கர்னி கடற்கரைத் திடலில் கிடைக்கும். அவித்த உருளைக்கிழங்கு, டோபு, மாவில் பொரித்த இறால், வெள்ளரிக்காய் எல்லாம் நறுக்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் கெட்டிப்படுத்திய இனிப்புக் காரச் சாறு ஊற்றுவார்கள். துண்டுக் கணக்கில் விலை என்பதால் இடுக்கியைப் பிடித்து ஆசைப்பட்டதையெல்லாம் எடுத்தால் நாசி கண்டார் இறால் கதைதான். இரண்டு பேருக்கு நாலைந்து வகை தாராளம். பொரித்ததை மறுபடி எண்ணெயில் காட்டித் தரச் சொல்லுங்கள். சாறும் சூடாக இருக்க வேண்டும், ஆறினால் களியாக இறுகிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல ஒன்றிரண்டு மணி நேரம் அடைத்திருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் நாசி கண்டார் தேடி அலைய வேண்டாம், மாலைக்கு மேல் போங்கள். உள்ளூர்க்காரர்கள் பணத்தைக் கைபேசியிலேயே கட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் 1, 5, 10 வெள்ளித் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது, செண்டோல் வண்டிக்காரரிடம் 100 வெள்ளித் தாளை நீட்டினால் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.